முட்டுக்கட்டையின் மேசை

அந்த அம்மாளை எனக்குப் பிடித்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் வேறு யாருக்கும் பிடித்ததாகவும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் நான்கு மாதம் அவர் வெப்ப அளவை அறையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அங்கே வந்துபோன முப்பத்தேழு பேரில், அவரோடு உட்கார்ந்து ஒரு தடவையாவது டீ குடித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் பாதியில் எழுந்து போனவர்.

எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை. நேரில் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் அவருக்குத் தெரியும். ஒருநாள் மேசைத் தொலைபேசி அடித்தபோது எடுத்து, "முட்டுக்கட்டைதான் பேசறேன், யாரு?" என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் இயக்குநர். அவர் பேச வந்த விஷயத்தை மறந்துவிட்டு வைத்துவிட்டார்.

கூடத்தின் பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்தன. எந்த மாதிரி எந்த அறைக்கு எத்தனை மணிக்குப் போனது, யார் கொடுத்தது, யார் வாங்கியது, வெற்றிடப் பேழை எப்போது மூடியது, எப்போது திறந்தது, எல்லாம் என் கையெழுத்து. அந்த அம்மாள் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது வாரம், நான் 4.10 என்று எழுதியது உண்மையில் 4.12 என்று இயக்குநருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தார். என் கடிகாரத்தைச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. அவர் சொன்னது சரி. கோபம் இன்னும் ஆறாததற்கு அதுதான் காரணம்.

அவருடைய வேலையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சூடான பொருள் எதுவானாலும் சுற்றிலும் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். நடுவில் காற்றுகூட வேண்டியதில்லை. இரண்டு தட்டுகளை வெற்றிடத்தில் எதிரெதிரே வைத்து ஒன்றைச் சூடாக்கினால், மற்றதற்குக் கொஞ்சம் வெப்பம் போய்ச் சேரும். எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் அது தட்டுகள் தள்ளி இருக்கும்வரைதான். தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவுக்கு நெருக்கிவிட்டால் கதை மாறிவிடும். தட்டின் மேற்பரப்பை விட்டு நகராமல் அதிலேயே ஒட்டிக்கிடந்து மடிந்துபோகும் ஒருவகை வெப்பம் உண்டு. எதிர்த்தட்டு அவ்வளவு பக்கத்தில் வந்ததும் அது இடைவெளியைத் தாண்டிக் குதிக்கத் தொடங்குகிறது. வரம்பைவிடப் பல நூறு மடங்கு வெப்பம் போகும். அந்தத் தட்டுகளின்மேல் ஒரே ஒரு அணு தடிமனுள்ள கரித்தாளை விரித்து, கிராஃபீன் என்று பெயர், அதை மெல்லிய வரிகளாக வெட்டினால், குதிக்கிற வெப்பத்தை இன்னும் கூட்டலாம் என்று கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். வரிகளின் அகலத்தை மாற்றினால் எந்த வெப்பம் குதிக்கலாம், எது கூடாது என்பதையும் நாமே தீர்மானிக்கலாமாம். கணக்கில் எல்லாம் சரிதான். அளந்து காட்ட வேண்டும். எங்கள் கூடம் இருந்தது அதற்காகத்தான்.

அளப்பதற்கு ஒரு மேசை. தரைத்தளத்தில், மின்தூக்கியிலிருந்து அதிக தூரத்தில் இருந்த மூன்றாம் அறையில், அந்த அம்மாள் தன் கையால் கட்டியது. அடியில் நான்கு சுருள்வில்கள், மேலே ரப்பர், அதற்கு மேலே பதினோரு சென்டிமீட்டர் கனத்தில் கருங்கல் பலகை. பலகையின்மேல் பேழை. பேழைக்குள் கீழ்த்தட்டில் கடுகளவு ஒரு மேடை, மேடைக்கு மேலே ஒரு கண்ணாடித்தட்டு. இரண்டிலும் கரித்தாள். இரண்டுக்கும் நடுவே அறுபது நானோமீட்டர் விட வேண்டும், தொடக்கூடாது. தொட்டால் தாள்கள் வழியாக மின்சாரம் ஓடி ஒரு மணி அடிக்கும். தட்டுகளில் ஒன்று ஒரு ஓரமாகச் சாய்ந்திருந்தாலும் போயிற்று. கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டைகள் தெரியும். மூன்று திருகுகளைத் திருப்பித் திருப்பி அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, மேடை முழுக்க ஒரே நிறமாக ஆக்கினால் தட்டுகள் நேராகிவிட்டன என்று அர்த்தம். இதை அந்த அம்மாள் நின்றுகொண்டேதான் செய்வார். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். அப்போது யாராவது நடையில் செருப்போடு போனால், "யானைக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அந்த மேசையை விட்டால் அவருக்கு வேறொன்றும் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்வீட்டில் தனியாக இருந்தார். அதே வீட்டின் மாடியில் அவருடைய தங்கையும் தங்கை புருஷனும்.

தங்கை புருஷன் எங்கள் கூடத்திலேயே வரி வெட்டுகிறவர். கரித்தாளின்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி, மின்னணுக் கற்றையால் கோடு கீறி, வேண்டாததை அரித்துவிட்டு, பூச்சைக் கழுவி எடுப்பது அவர் வேலை. கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது. கையில் வேகம், வாயில் அதைவிட வேகம். அவர் பெண் பார்க்க வந்த அன்றே, அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொன்னவர் அந்த அம்மாள். "அவசரக்காரர். டீயை ஆறவிடாம குடிக்கிறார்" என்பது அவர் சொன்ன காரணம். அது மாப்பிள்ளையின் காதுக்கும் போயிற்று. பதினாலு வருடம் கழித்து அவர் அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "மாதிரிகளைக் கொடுக்கிறவரும் அளக்கிறவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது" என்று அந்த அம்மாள் ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதமும் என் கோப்பில் இருக்கிறது. பலன் இல்லை. ஆறு வருடம் இரண்டு பேரும் கதவின் இரண்டு பக்கம் நின்று முறைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். அவர் கொடுத்த நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தாள்களில் எண்பத்தெட்டை அந்த அம்மாள் திருப்பி அனுப்பியிருந்தார்.

மார்ச் 11, செவ்வாய். அன்று 214ஆம் எண் தாள் வந்தது. அதுவரை வெட்டியதிலேயே நுணுக்கமான வரிகள். காலை 9.35க்கு நான் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். வழக்கமாகக் கீழ்த்தட்டுச் சில்லைச் சூடேற்றியின்மேல் வெள்ளிப் பசையால் ஒட்டுவார்கள். பசை தீர்ந்து, பிப்ரவரி 27ஆம் தேதி எழுதிக் கேட்டும் வந்துசேரவில்லை. அதனால் அந்த அம்மாள் மெழுகு வைத்து ஒட்டினார். அது தேன் நிற மெழுகு. டப்பாவின் மூடியில் அவர் கையாலேயே "70க்கு மேல் கூடாது" என்று சிவப்பில் எழுதியிருந்தார். எழுபது டிகிரியைத் தாண்டினால் அது இளகி ஊரும்.

மதியம் 2.20க்கு, திருகி முடித்துத் தட்டுகள் நேரான பிறகு, பேழை மூடிய நேரத்தைக் குறிக்க நான் வாசலில் நின்றேன். மாப்பிள்ளையும் வந்து நின்றார்.

"எத்தனை டிகிரி வைக்கறீங்க?"

"அறுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சுல என்ன தெரியும்? இத்தனை நுணுக்கமா வெட்டிக் கொடுத்துட்டு, கஞ்சி சூட்டுல அளக்கறதா?"

"உங்க வேலை முடிஞ்சுடுச்சு மாப்பிள்ளை. போய்க் கை கழுவுங்க."

"எண்பத்தஞ்சு வெச்சா மேசை தாங்காதுன்னு பயமா இருந்தா சொல்லிடுங்க அக்கா. கல்லு பழசாயிடுச்சு, நாங்க புரிஞ்சுக்குவோம்."

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. சூடேற்றியின் குமிழை எண்பத்தைந்துக்குத் திருப்பினார். மணி 2.26.

"பாருங்க, தாங்குதா இல்லையான்னு."

மாலை 4.50க்கு, அறுபது நானோமீட்டரில், வெட்டாத தாளைவிட நான்கு புள்ளி ஒன்று மடங்கு வெப்பம் என்று கருவி காட்டியது. கணக்குக்காரர்கள் அதிகபட்சம் ஐந்து வரை சொல்லியிருந்தார்கள். மணியும் அடிக்கவில்லை. அந்த அம்மாள் அடுத்த இடைவெளிக்குத் தட்டை நகர்த்துவதற்குள் மாப்பிள்ளை எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டார். இயக்குநர் அறையிலிருந்து கைதட்டும் சத்தம் கீழே வரை கேட்டது.

மறுநாள் காலை கையெழுத்துக்காக அளவைத்தாள் அந்த அம்மாளிடம் வந்தது. அவர் அதைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"ஒரே ஒரு இடைவெளியில அளந்தது அளவே இல்ல சார்" என்றார் இயக்குநரிடம். "கிட்டக் கொண்டுபோகப் போக ஏறணும், தள்ளிக் கொண்டுபோகப் போக இறங்கணும். பன்னெண்டு இடத்துல பார்க்கணும். அதைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மணி அடிக்கலையேம்மா. தொடலைன்னா வேற எப்படி இவ்வளவு போகும்?"

"அதைத்தான் பார்க்கணும்ங்கறேன்."

இயக்குநர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் அந்த வாரம் அவருக்குக் காது இல்லை. கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. போன வருடம்தான் வேறொரு நாட்டுக் கூடம் அவரை முந்தியிருந்தது. "இருபதாம் தேதி சாயங்காலம் நாலு மணி" என்றார். "அதுக்குள்ள கையெழுத்து வேணும். இல்லன்னா மேசையை உங்க தங்கை வீட்டுக்காரர் பார்த்துக்கட்டும். ரெண்டு வேலையையும் அவரே செஞ்சுக்கறேன்னு சொல்லிட்டார்."

அந்த அம்மாள் படியிறங்கி வந்தார். வந்து கருங்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கல் அதிர்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பதினேழாம் தேதி சாயங்காலம் வீட்டில் நடந்ததைத் தங்கை ஒரு விதமாகவும் அந்த அம்மாள் ஒரு விதமாகவும் வேறு வேறு சமயங்களில் என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன். ஆறரை மணி இருக்கும். அக்கா அடுப்பில் பால் வைத்திருந்தார். தங்கை படியிறங்கி வந்து சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"பால் பொங்குது, தள்ளி நில்லு."

"அவர் எது செஞ்சாலும் நொட்டை. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு ஆரம்பிச்சது. இன்னும் நிறுத்தலை நீ."

"தாள்ல கழுவாத பூச்சு இருக்குன்னு நினைக்கறேன். அவ்வளவுதான்."

"கழுவலைன்னு உனக்குத் தெரியுமா?"

"உன் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டையே ஒழுங்கா கழுவ மாட்டார். நீதானே சொல்லுவ?"

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. "அது வீட்டு விஷயம். அதைக் கொண்டுபோய் ஆபீஸ்ல வைப்பியா? கையெழுத்துப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்? ஊர் உலகமே சரின்னுது, நீ ஒருத்தி மட்டும் குறுக்கே படுத்துக்கற. எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லன்னே நினைச்சுக்கறேன் போ."

"நினைச்சுக்கோ. போகும்போது லைட்டை அணைச்சுட்டுப் போ."

பத்தொன்பதாம் தேதி, புதன். காலை 10.05லிருந்து மாலை 3.40 வரை பன்னிரண்டு இடைவெளிகளில் அளந்தார். அறுபதிலிருந்து தொடங்கி எண்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னார், நான் எழுதினேன். குதிக்கிற வெப்பமாக இருந்தால் இருநூறில் பத்தில் ஒரு பங்காக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. ஆயிரத்துக்குத் தள்ளிய பிறகும் எண் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. ஏதோ ஒன்று இரண்டு தட்டுகளையும் பாலம்போல இணைத்திருக்கிறது, வெப்பம் குதித்துப் போகவில்லை, நடந்து போகிறது.

இயக்குநரையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டனுப்பினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழகான சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"நாலு மடங்கு. ஆயிரத்துலயும் நாலு மடங்கு. எதிர்வீட்டு மொட்டைமாடில கொண்டுபோய் வெச்சாலும் நாலு மடங்குதான் வரும் போல" என்றார்.

"மணி அடிக்கலையே" என்றார் மாப்பிள்ளை.

"பிளாஸ்டிக் எப்படி மணி அடிக்கும்? மின்சாரம் போனாத்தானே அடிக்கும்? உங்க பூச்சு ஒரு பொருக்கு நின்னுருக்கு. கழுவறதுன்னா தண்ணி காட்டறது இல்ல மாப்பிள்ளை."

"நான் மூணு தடவை கழுவினேன்."

"எண்ணிக்கை நல்லாத்தான் சொல்றீங்க."

"திறந்து பார்த்துட்டுப் பேசுங்க."

"திறக்கத்தான் போறேன். நாளைக்குக் காலைல. எல்லார் கண்ணுக்கும் காட்டறேன்."

மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. இயக்குநர் வெளியேறினார். கட்டுரை போயிற்று என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மேசை போகாது என்பது அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது. அன்று நடையில் செருப்போடு போன இரண்டு பேரை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இருபதாம் தேதி, வியாழன். பேழையைத் திறக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. இயக்குநரும் மாப்பிள்ளையும் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. 9.20க்கு நானும் அவரும் மட்டும் இருக்கும்போது திறந்தார். சில்லை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு நகர்ந்து நின்று, என்னைப் பார்க்கச் சொல்லாமல், பார்க்க இடம் மட்டும் விட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். மேடையின் பக்கவாட்டில் ஏறி, ஒரு மூலையில் மேல்தட்டைப் பிடித்திருந்த ஒரு துளி. தட்டைத் தூக்கியபோது கிழிந்து, நாக்குபோல நீண்டு நின்றது. அதன் நிறம் தேன் நிறம்.

பூச்சுக்கு நிறம் கிடையாது. அது எனக்கே தெரியும்.

எண்பத்தைந்து டிகிரியில் இளகிய மெழுகு ஊர்ந்து ஏறி, இடைவெளியைப் பாலம் போட்டிருந்தது. மாப்பிள்ளையின் வரிகளில் ஒரு பொருக்குகூட இல்லை. சொன்னபடி மூன்று தடவை கழுவியிருந்தார் போலிருக்கிறது.

மேசையின்மேல் துணியும் கரைப்பானும் இருந்தன. ஒரு தடவை துடைத்தால் போதும். பதினோரு மணிக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 'பாலம் இருந்தது, அகற்றப்பட்டது' என்று எழுதிவிட்டால் பழி கழுவுகிறவர்மேல் போய்ச் சேரும். நான் வாய் திறந்தாலொழிய. எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் துணியை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கீழே வைத்தார்.

"என்ன ஐயா, பேனாவுல மை இல்லையா? எழுதுங்க. மெழுகு. எழுபதுக்கு மேல ஏத்தினது. ஏத்தினவர் பேர்ல என் பேரைப் போடுங்க."

"நேரம்?" என்று கேட்டேன்.

"உங்க கடிகாரத்துல எவ்வளவோ, அதுல ரெண்டு நிமிஷம் கூட்டிக்கோங்க."

9.41 என்று எழுதினேன். என் கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. எதையும் கூட்டவில்லை.

மறுநாள் பிற்பகல் 3.15க்கு இயக்குநர் அறையில் விசாரணை. நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

"டப்பா மேல நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு எண்பத்தஞ்சு வெச்சீங்க?"

"நான்தான் வெச்சேன்."

"அது தெரியும்மா. ஏன் வெச்சீங்கன்னு கேட்கறேன்."

அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் நகங்களைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரைக் காட்டிக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர், "புத்தி கெட்டுப்போய் வெச்சேன்" என்றார்.

கல் பழசாகிவிட்டது என்ற பேச்சு என் காதில் விழுந்ததுதான். யாரும் என்னிடம் கேட்கவில்லை. பதிவேட்டில் பேச்சுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. நானாகவும் சொல்லவில்லை.

உத்தரவு அன்றைக்கே வந்தது. தவறான அளவுக்குப் பொறுப்பு அவருடையது, அந்தப் பழியை ஆராயாமல் இன்னொருவர்மேல் சுமத்தியதும் அவரே, ஆகவே 24ஆம் தேதி முதல் மூன்றாம் அறை மாப்பிள்ளையின் பொறுப்பு. அந்த அம்மாள் நடைக்கு எதிர்ப்புறம் இருந்த கழுவும் அறைக்கு. மாப்பிள்ளை வெட்டுகிற சில்லுகளைக் கழுவிக் கொடுக்கிற வேலை. சாவியை என்னிடம் கொடுத்தார், நான் வாங்கி எழுதினேன். அன்று போகும்போது கல்லின்மேல் கை வைக்கவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு, விருந்தாளிபோல ஒதுங்கிப் போனார்.

மாப்பிள்ளை மூன்று வாரம் அந்த மேசையோடு மல்லுக்கட்டினார். இருநூறு நானோமீட்டருக்குக் கீழே அவரால் தட்டைக் கொண்டுபோக முடியவில்லை. மணி பதினாலு தடவை அடித்தது. இரண்டு நல்ல தாள்கள் கிழிந்தன. திருகுகளைத் திருப்பத் திருப்பப் பட்டைகள் ஒரு பக்கம் போய் மறுபக்கம் முளைத்தன. எதிர் அறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஒரு நொடி நிற்கும், பிறகு மறுபடி ஓடும்.

ஏப்ரல் 15ஆம் தேதி இயக்குநரே கழுவும் அறைக்கு வந்தார்.

"ஒரு தடவை வந்து நேராக்கிக் கொடுங்கம்மா."

"எழுதிக் கொடுங்க."

"எதுக்கு எழுதணும்? பக்கத்து ரூம்தானே?"

"அந்த ரூமுக்குள்ள நான் போகக்கூடாதுன்னு எழுதித்தானே கொடுத்தீங்க?"

எழுதிக் கொடுத்தார். 'தட்டுகளை நேராக்குவதற்கு மட்டும்' என்று இருந்தது. அளப்பதற்கு அல்ல. 'மட்டும்' என்ற சொல்லை அந்த அம்மாள் இரண்டு தடவை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடையைத் தாண்டினார்.

தாள் எண் 219. காலை 10.30க்கு ஆரம்பித்தார். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டு நின்றுகொண்டார்.

"பின்னாடி இடது திருகைக் கடைசில தொடணுமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"உத்தரவுல நேராக்கறதுன்னு இருக்கு. பாடம் எடுக்கறதுன்னு இல்ல."

"நான் பார்த்துக்கலாம்ல?"

"கண்ணு உங்களோடது."

மூன்று மணி நேரம் மாப்பிள்ளை அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். 1.50க்கு மேடை முழுக்க ஒரே சாம்பல் நிறமாயிற்று. அறுபது நானோமீட்டர், மணி அடிக்கவில்லை. மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிப் பசை இதற்குள் வந்துவிட்டிருந்தது, ஆனாலும் அந்த அம்மாள் சூடேற்றியின் குமிழ் அறுபத்தைந்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"அது எனக்குத் தெரியும் அக்கா" என்றார் மாப்பிள்ளை.

"எனக்குந்தான் தெரிஞ்சிருந்துச்சு."

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தட்டுகளை நேராக்கியவர் யார் என்பதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும் என்று அன்று மாலை எழுத்துமூலம் கேட்டார். நியாயமான கோரிக்கை. மறுநாளிலிருந்து கோடு போட்டேன். ஓய்வு பெறும்வரை, மூன்று வருடத்தில், அந்தக் கட்டத்தில் அவர் பெயர் அறுபத்தொரு தடவை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நேராக்கிவிட்டு எதிர் அறைக்குப் போய்விடுவார். அளந்தவர் என்ற கட்டத்தில் இருப்பது மாப்பிள்ளையின் பெயர்.

219ஆம் தாள் பன்னிரண்டு இடைவெளிகளிலும் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கியது. வெட்டாத தாளைவிட ஒன்று புள்ளி ஏழு மடங்கு. நான்கு அல்ல. ஆனால் மெய்யானது. கட்டுரை அடுத்த ஜனவரியில் வெளிவந்தது. மாப்பிள்ளையின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அந்த அம்மாளின் பெயர், நன்றி சொல்லும் பகுதியில்கூட, இல்லை.

பத்து மாதமாகக் கீழ்வீட்டுப் படியை மிதிக்காத தங்கை அந்த இதழை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கி வந்தார். வணக்கமும் இல்லை, நலமும் இல்லை. மேசைமேல் போட்டார்.

"படி. உன்னால முடியாததை அவர் செஞ்சுட்டார்."

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பெயர்கள் இருந்த வரியைத் தாண்டிப் போகும்போது அவர் முகம் மாறுகிறதா என்று தங்கை பார்த்துக்கொண்டே நின்றாராம். மாறவில்லை. படங்கள் வந்ததும் ஒரு அளவுகோலை எடுத்துவந்து ஒவ்வொரு புள்ளியையும் வைத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தங்கை நின்று நின்று கால் வலித்து உட்கார்ந்துவிட்டார். ஏதாவது ஒரு குறை, ஒரு குத்தல் வரும், பதிலுக்குப் பத்து மாதமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டிவிடலாம் என்று அவர் காத்திருந்தார். அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அந்த அம்மாள் கடைசிப் பக்கத்தை மூடினார்.

"சரியா இருக்கு" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"ஒண்ணு புள்ளி ஏழு சரியான அளவு. சொல்லிட்டேனே. வேற என்ன வேணும் உனக்கு?"

தங்கை இதழைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறிப் போய்க் கதவைச் சாத்தினார். சத்தம் கீழே வரை கேட்டது.